சல்லடையாகிப்போன பட்டம்

திருப்பதியில் அலிபிரி மலையடிவாரத்தைச் சுற்றிப் பொறியியல் கல்விக்குப் பஞ்சமில்லை. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1959 முதல் இருக்கிறது, 2015-இல் ஐ.ஐ.டி.யும் வந்துவிட்டது. ஆனால் மெக்கானிக்கலோ சிவிலோ, எதைப் படித்தாலும் இறுதியாண்டில் பலரும் எழுதுவது ஐ.டி. நிறுவனங்களின் தேர்வைத்தான். கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங்: எல்லாப் பிரிவினருக்கும் ஒரே தாள். தேறினால் சில மாதப் பயிற்சி, பிறகு ஜாவா. படித்த வெப்ப இயக்கவியலை அதன்பின் யாரும் கேட்பதில்லை. பொறியியலும் நிரலாக்கமும் ஒருவரிடம் சேர்வது பெரிய பலம். இன்றைய நடைமுறையிலோ ஒன்றைக் கைவிட்டுத்தான் மற்றொன்றுக்குப் போகிறார்கள்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேட்டரியையே பார்க்கலாம். அமர ராஜா பேட்டரி ஆலை பக்கத்துக் கரகம்பாடியில்தான் இருக்கிறது. மின்வண்டித் திரையில் மீதிச் சார்ஜ் 40 சதவீதம் என்று தெரிகிறதே, அதை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து மென்பொருள் கணிக்கிறது. சென்சாரின் சிறு பிழையும் நாள்பட நாள்படச் சேர்ந்து பெருகும். மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருத்தலாமென்றால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலத்தில் நடுப்பகுதி முழுக்க அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. நிரல் ஒரு தடங்கலுமின்றி ஓடும். எண் மட்டும் தப்பாக இருக்கும். நிரலும் மின்கலமும் தெரிந்தவர் கண்ணில்தான் இது சட்டென்று படும். அப்படிப்பட்டவர்களிடமும் குறை உண்டு: ஒரே கோப்பில் ஆயிரம் வரி எழுதிவிட்டு, சோதிக்காமலே விட்டுவிடும் பழக்கம். மென்பொருள் ஒழுக்கத்தைத் தனியாகப் பயில வேண்டும்.

பொறியியல் சிந்திக்கக் கற்றுத்தருகிறது, இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியே எலெக்ட்ரிக்கல்தானே என்பார்கள். அவர் பட்டம் பெற்ற 1967-இல் கணினி அறிவியலுக்கென்று நம் கல்லூரிகளில் பி.இ. பிரிவே இல்லை. நிரல் எழுத நான்காண்டுப் பொறியியல் கட்டாயமும் இல்லை. சோஹோ மென்பொருள் நிறுவனம் 2005 முதல் பிளஸ் டூ முடித்தவர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. ஆக, பட்டம் ஆள் பொறுக்கும் சல்லடையாகத்தான் பயன்படுகிறது. சம்பளம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீடுகளை ஐ.டி. வேலை தூக்கி நிறுத்தியது உண்மை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. வழக்கமான நிரலை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. துறையறிவைத் தொலைத்துவிட்டு வந்தவருக்குப் பேரம் பேசக் கையில் என்ன மிஞ்சும்? கல்லூரிகள் இறுதியாண்டு புராஜெக்டிலிருந்தே தொடங்கலாம்: சிவில் மாணவர் பாலத்தின் அதிர்வுத் தரவையும், மெக்கானிக்கல் மாணவர் மோட்டாரின் வெப்பநிலையையும் தாமே எழுதிய நிரலால் ஆராயட்டும், வேலைக்கு எடுப்பவர்கள் நேர்முகத்தில் அதைப் பற்றியே கேட்கட்டும்.