சடலமும் பார்வையாளரும்

மனித உடலை வைத்தியக் கண்கொண்டு நோக்கும் கலைக் காட்சிகளுட் பெருஞ் சர்ச்சையை எழுப்பியது, ஜேர்மானிய அங்காதிபாத அறிஞர் குந்தர் வொன் ஹாகன்ஸின் 'உடல் உலகங்கள்' கண்காட்சியாகும். (அங்காதிபாதம் என்பது, கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த காலத்து வழக்கு. 'உடற்கூற்றியல்' என்பதிலும் இதுவே எனக்கு உவப்பானது.) 1977இல் ஹைடல்பேர்க்கில் அவர் கண்ட முறைப்படி, சடலத்தின் நீரும் கொழுப்பும் அகற்றப்பட்டு அவ்விடத்தைச் செயற்கைப் பிசின் நிரப்புகின்றது. இவ்வாறு பதனிடப்பட்ட உடல்கள் 1995இல் தோக்கியோவிலும் 2002இல் இலண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒருவன் சதுரங்கம் ஆடுகின்றான். மற்றொருவன் உரித்த தன் தோலைத் தானே கையில் ஏந்தி நிற்கின்றான்.

இது கல்வியே என்பது ஹாகன்ஸ் தரப்பின் வாதம். ஆயின், ஈரலின் அமைப்பை அறிவதற்குச் சதுரங்கப் பலகை எதற்கு? தோலேந்தி நிற்கும் மனிதனும் புதியவனல்லன். 1556இல் உரோமில் வெளிவந்த வல்வேர்தேயின் அங்காதிபாத நூலில் அவனது செதுக்குப்படம் உண்டு. அங்கே அவன் கோடுகளால் ஆனவன். இங்கோ தோல் மெய்யான தோல். இந்த ஒரு வேறுபாடே முழு விவாதத்தையும் சுமக்கின்றது.

றெம்பிரான்ட் 1632இல் வரைந்த 'வைத்தியர் ருல்ப்பின் அங்காதிபாத பாடம்' என்னும் ஓவியத்தை இதனருகே வைத்து நோக்குதல் தகும். அசல் ஹேக் நகரின் மௌரிற்ஷூயிஸ் அரும்பொருளகத்தில் உள்ளது. நமக்கு வாய்ப்பது வண்ணப்பிரதியே. அம்ஸ்ரடாம் சத்திரவைத்தியர் சங்கத்திற்கென வரையப்பட்ட குழுவோவியம் அது. ருல்ப் இடுக்கியால் இடது முன்கையின் தசைகளை உயர்த்திக் காட்டுகின்றார். அத்தசைகள் விரல்களை மடக்கும் விதத்தைத் தமது மறு கையாற் புலப்படுத்துகின்றார். சூழ நிற்கும் எழுவருட் சிலர் காலடியில் விரிந்த நூலை நோக்குகின்றனர்; சிலர் நம்மை நோக்குகின்றனர். இறந்தவனின் முகத்தை எவரும் நோக்குவதாகத் தெரியவில்லை. அவன் பெயர் ஆரிஸ் கின்ற். கொள்ளைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டவன்.

கின்றிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ஹாகன்ஸுக்கு உடலளித்தோரோ எழுத்துமூலம் சம்மதித்தோர். அவ்வகையில் இன்றைய காட்சி நேர்மையானதே என ஒப்புக்கொள்ளல் வேண்டும். வேறொரு நிறுவனம் இதையொத்து நடத்திய கண்காட்சியின் கதை வேறு: சீனாவிலிருந்து பெற்ற உடல்களுக்குரியோர் எவ்வாறு இறந்தனர் என்பதைத் தன்னால் நிறுவ இயலாதென அது 2008இல் நியூயோர்க் சட்ட அதிகாரிகளிடம் ஏற்றுக்கொண்டது.

எனினும் சம்மதம் சடலத்தைக் கலையாக்கிவிடாது. உடலளித்தவர் சதுரங்கம் ஆட விரும்பினாரா என்பதை நாம் அறியோம்; அந்நிலையைத் தெரிந்தவர் வேறொருவர். 2002 நவம்பரில் ஹாகன்ஸ் இலண்டனிற் கட்டணம் செலுத்திய பார்வையாளர் முன் பிரேத பரிசோதனை நிகழ்த்தியபோது, ருல்ப்பைப் போலக் கரிய தொப்பி அணிந்தே நின்றார். றெம்பிரான்ட்டிடம் அவர் கற்றது தொப்பியை மாத்திரமே என்பேன். கின்றின் முகத்திற் பாதியளவில் விழுந்து கிடக்கும் நிழலை அவர் காணவில்லை. வைத்தியர்கள் நோக்காத முகத்தை நம்மை நோக்கச் செய்வது அந்நிழலே. பதனிடப்பட்ட உடல்களுக்கோ செயற்கைக் கண்கள் பொருத்தப்பட்டுள்ளன. நிழலின்றி, எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சத்தில் அவை நிற்கின்றன.