வியன்னா தீட்டிய வினாக்குறி

ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசின் தலைநகராய் விளங்கிய வியன்னாவிலே, 1900-ஆம் ஆண்டு, ஓர் ஓவியத்தை எதிர்த்து 87 பேராசிரியர்கள் கையொப்பமிட்டு முறையிட்டனர். பழமைக்குக் காவல் நிற்கும் மதகுருமார் அல்லர் அவர்கள். மன்னனைப் பாடி வாழ்ந்தோரும் அல்லர். அறிவையே தொழிலாகக் கொண்டோர்! பகுத்தறிவைப் போற்றும் நாம் அந்த வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டியதும் அதனாலேதான்.

ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட், பொன்னிலே சித்திரம் செதுக்கும் தொழிலாளியின் மகன். பல்கலைக் கழகப் பெருமண்டபத்தின் மேற்கூரையை அணி செய்யும் பணியை 1894-இல் கல்வி அமைச்சு அவரிடமும் பிரான்ஸ் மாட்ச் என்பாரிடமும் ஒப்படைத்தது. நடுவே அமைய வேண்டிய பொருள், இருளை ஒளி வென்ற காட்சி. சூழ அமைபவற்றுள் மெய்யியல், மருத்துவம், சட்டம் ஆகிய மூன்றும் கிளிம்ட்டின் பங்கு. 1897-இல் அவரும் தோழர்களும் பழைய கலைஞர் சங்கத்தை விட்டு வெளியேறி, 'செசஷன்' என்னும் புதிய அமைப்பைக் கண்டனர். காலத்துக்கேற்ற கலை, கலைக்கு உரிய விடுதலை என்பது அவர்தம் முழக்கம்.

அவர் தீட்டியது என்ன? மெய்யியல் ஓவியத்திலே ஞானியர் அவை இல்லை. ஆடையற்ற மாந்தர் கூட்டம், பிறப்பு முதல் முதுமை வரை, விண்வெளியில் மிதந்து செல்கிறது. மருத்துவ ஓவியத்திலே நோயும் சாவும் பின்னிக் கிடக்க, நலத்தின் தேவதை அவர்களுக்குப் புறங்காட்டி நிற்கிறாள். வெற்றிப் பாட்டு கேட்டவர்களுக்கு வினாக்குறி கிடைத்தது!

மருத்துவர் சினந்ததில் நியாயம் இல்லாமலில்லை. நோயைத் தடுப்பதும் தீர்ப்பதும் அவர்தம் பணி. அந்நாளில் வியன்னா மருத்துவம் உலகப் புகழ் பெற்றது. ஓவியத்திலோ அதற்கு இடமே இல்லை. கிளிம்ட்டின் மாந்தர் துயருறுகின்றனர். துயரின் காரணம் தேடி ஒருவரும் நிமிர்ந்து நிற்கவில்லை. இதனைக் குறையென்றே நாம் சொல்வோம்.

ஆயினும் குறை கூறுவது வேறு, கூடாது என்று தடுப்பது வேறு. ஐயத்தை அடக்கினால் அறிவு வளருமா? வேதத்தின் பெயரால் வாயை மூடுவது மடமை எனில், விஞ்ஞானத்தின் பெயரால் தூரிகையைப் பறிப்பதை என்னென்பது? பேராசிரியருள்ளும் ஒரு சாரார் ஓவியர் பக்கம் நின்றனர் என்பதை இங்கே நன்றியுடன் நினைக்கிறோம்.

மூன்றினும் சிறந்தது 1903-இல் காட்சிக்கு வந்த சட்ட ஓவியம் என்பது நம் முடிபு. கூனிக் குறுகிய முதியவன் ஒருவன், ஆடையின்றி, எண்காலிக் கடல்விலங்கின் பிடியிலே நிற்கிறான். உண்மையும் நீதியும் சட்டமும் எங்கோ மேலே, சிறு உருவங்களாய்! குற்றவாளி அருகில், நீதி தொலைவில். ஏழை எளியோர் நீதிமன்றத்தில் காணும் காட்சி இதுவன்றோ! இங்கேதான் ஓவியரின் துயரம் காரணத்தைத் தொட்டது.

எனினும் அந்த ஏழை இவ்வோவியத்தைக் கண்டிருப்பானா? செசஷன் மாளிகை எழ, இரும்பு முதலாளி கார்ல் விட்கென்ஸ்டைன் பொருளுதவினார். அதே நகரிலே, வீட்டு வாடகை தர வழியற்ற தொழிலாளர், பிறர் வீட்டுக் கட்டிலைச் சில மணி நேரத்துக்கு வாடகை பேசி உறங்கினர். அந்தக் கட்டிலைக் கிளிம்ட் தீட்டவில்லை. செல்வர் இல்லப் பெண்டிரின் பொன்னொளிரும் உருவங்களையே பின்னர் பெரிதும் தீட்டினார். கலை அரசிடமிருந்து விடுபட்டது, செல்வரின் கூடத்திற் போய் அமர்ந்தது.

எதிர்ப்பு ஓயாதது கண்டு, 1905-இல் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஓவியங்களை மீட்டுக்கொண்டார் கிளிம்ட். பணிந்து மாற்றித் தீட்ட அவர் இசையவில்லை. அந்த நேர்மையை வணங்குகிறோம். 1945 மே மாதம், இம்மண்டார்ஃப் கோட்டையில் மூண்ட தீயிலே மூன்றும் அழிந்தன. எஞ்சியவை சில வரைவுகளும் நிழற்படங்களுமே. கண்டித்தோரின் பெயர்களைத் தேடித்தான் அறிய வேண்டும். அந்தக் கூனிய முதியவனோ, நிறமிழந்த நிழற்படத்திலே இன்றும் தீர்ப்புக்குக் காத்து நிற்கிறான்.