சுவரும் தலையணையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறுவோர் இன்று பெரும்பாலும் அருவி காணவும் குளிர்காற்று வாங்கவுமே செல்கின்றனர். தமிழ் பயின்றோர்க்கோ அது பாவையின் மலை. காற்று மோதினும், கடுமழை பொழியினும், இடி விழினும், நிலமே அதிரினும் தன் எழில் குன்றாதது கொல்லிப்பாவை என்கிறார் நற்றிணைப் புலவர் ஒருவர். அதைக் காண விழைந்தவன் மலையேற வேண்டும். பாவை அவன் படுக்கையறைக்கு இறங்கி வருவதில்லை. கலைக்கும் காண்போனுக்கும் இடையே இருக்க வேண்டிய அந்தத் தொலைவைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இக்காலத்து விடுதிகள் சில அத்தொலைவை அழித்து வருகின்றன. அறைக்கு ஓர் ஓவியர் பெயர். சுவர், திரை, விரிப்பு, தலையணை எங்கணும் அவர் ஓவியத்தின் அச்சுப்படிகள். இப்போக்கின் உச்சத்தை 2016இல் சிகாகோ நகரில் கண்டோம். வின்சென்ட் வான்கோ தம் படுக்கையறையைத் தீட்டிய ஓவியங்கள் மூன்றனையும் ஒருங்கே வைத்துக் கண்காட்சி நடத்தியது அந்நகரத்து ஆர்ட் இன்ஸ்டிடியூட். அதற்கு மக்களை ஈர்க்க, கட்டில், நாற்காலி, சுவர் யாவும் அவ்வோவியம் போலவே அமைந்த அறை ஒன்றை உருவாக்கி, இரவுக்கு 10 டாலர் வாடகைக்கு விட்டது.

வேலைப்பாடு நுணுக்கமானது, மூல ஓவியத்தின்பால் மக்களை அழைத்ததும் உண்மையே. எனினும், அந்த அறையில் துயின்றவர் பெற்றது என்ன? இப்படத்தின் வண்ணங்களே ஓய்வை உணர்த்த வேண்டும் என்று 1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து தம் தம்பி தியோவுக்கு எழுதினார் வான்கோ. அவ்வாண்டு டிசம்பரிலேயே மனம் நிலைகுலைந்து தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். ஓய்வு வாய்க்காத ஒருவரின் ஏக்கம் அந்தப் படம். விருந்தினர்க்குக் கட்டில் கிடைத்தது, ஏக்கம் கிடைக்கவில்லை.

ஹதீது நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் பொறித்த திரையொன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை விரும்பாது அகற்றினார்கள். பின்னர் அன்னையார் அத்துணியை வெட்டித் தலையணையாக்கினார்கள். ஃபிக்ஹு அறிஞர் பலர் இதிலிருந்து ஒரு வேறுபாட்டை வகுத்தனர்: உயர்த்தி மாட்டப்பட்ட உருவம் கண்ணியம் பெறுகிறது, மிதிபடுவதும் சாய்ந்துகொள்ளப்படுவதும் கண்ணியம் இழக்கின்றன, ஆதலின் பின்னவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை.

ஓவியம் ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கை நான் இங்கு எடுக்கவில்லை. அவ்வறிஞர்களின் கூரிய பார்வையையே சுட்டுகிறேன். உருவத்தின் மதிப்பு எங்கே வீழ்கிறது என்பதை அவர்கள் சரியாகக் கண்டார்கள். ஓவியத்தைப் போற்றுவதாகச் சொல்லும் விடுதிக்காரரோ அதே தலையணையில்தான் அதனைக் கொண்டுபோய் வைக்கிறார். வைத்துவிட்டுப் பெருமையும் கொள்கிறார்!

விடுதியில் ஓவியமே கூடாது என்பதன்று என் கருத்து. டில்லி மௌரியா விடுதியின் முன்கூடத்துக் குவிமாடத்தில் கிருஷன் கன்னா தீட்டிய பெருஞ்சுவரோவியம் உள்ளது. அது அவ்விடத்துக்கென்றே ஓவியர் தம் கையால் வரைந்தது. வருவோர் அண்ணாந்து நோக்கியே அதனைக் காண இயலும். அங்கே பாவை இன்னும் மலைமேல்தான் இருக்கிறது.

பிரான்சு நாட்டு ஓவேர் சிற்றூரில் ரவூ விடுதி என்று ஒன்றுண்டு. அதன் 5ஆம் எண் அறையில்தான் வான்கோ தம் இறுதி நாட்களைக் கழித்து, 1890 ஜூலை 29இல் உயிர் நீத்தார். அவ்வறையை எவர்க்கும் வாடகைக்கு விடுவதில்லை, அச்சுப்படிகளால் அலங்கரிக்கவுமில்லை. வெறுமையாகவே வைத்திருக்கின்றனர். வருவோர் சிறிது நேரம் நின்று பார்த்துத் திரும்புகின்றனர். ஓவியர்களின் பெயரால் அறை அமைக்க விரும்புவோர் முதலில் அந்த வெற்றறையைக் கண்டு வருவது நன்று.