எசுப்பானிய, ஆங்கில நாட்டினப் பெயர்களில் பால் வேறுபாடு

எசுப்பானிய மொழியில் ஒருவரின் நாட்டைக் குறிக்கும் பெயர், பெரும்பாலும் அவர் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எசுப்பானிய ஆண் 'எசுபாஞோல்', பெண் 'எசுபாஞோலா'. 'பெல்கா' (பெல்சியர்), 'கனதியென்சே' (கனடியர்) போன்ற சில பெயர்களே இருபாலுக்கும் பொதுவானவை. ஆங்கிலத்தில் நிலைமை வேறு. 'இந்தியன்', 'செருமன்' போன்றவற்றில் பால் வேறுபாடு இல்லை. 'இங்கிலிசுமேன்', 'பிரெஞ்சுமேன்' முதலிய சிலவற்றில் மட்டுமே உண்டு.

பன்மையும் சட்டமும்

இருபாலரும் கலந்த கூட்டத்தை எசுப்பானியம் ஆண்பால் பன்மையில் 'எசுபாஞோலெசு' என்கிறது. இது இருபாலரையும் அடக்கும் என்பது இலக்கண விதி. ஆனால் சட்ட வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1812ஆம் ஆண்டின் காதிசு அரசியலமைப்பு குடிமக்களை இச்சொல்லாலேயே குறித்தது. பெண்களுக்கோ வாக்குரிமை இல்லை. 1931ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இருபாலாருக்கும் ஒரே தேர்தல் உரிமை என்று வெளிப்படையாக எழுதிய பிறகே, 1933 பொதுத்தேர்தலில் பெண்கள் வாக்களித்தனர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதே ஆண்பால் பன்மையையே ஆள்கிறது. எனினும் பால் அடிப்படையிலான பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆக, சொல் ஒன்றே. அதற்குள் யார் அடங்குவர் என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்யவில்லை.

தமிழில் 'எசுப்பானியர்' என எழுதும்போது, பலர்பால் ஈறு இருபாலரையும் தழுவுவதால் இச்சிக்கல் கண்ணில் படாமல் போகிறது. இச்சட்டங்களை மொழிபெயர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்வுகளும் மதிப்பீடும்

வெனிசுவேலாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பு 'வெனெசோலானோசு', 'வெனெசோலானாசு' என இரு வடிவங்களையும் எழுதியது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் தொடர்கள் நீள்கின்றன. எசுப்பானிய அரச மொழிக்கழகமோ, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நடை இலக்கணப்படி சரியானதே என்று 2020இல் கருத்துரைத்தது. அன்றாடப் பேச்சுக்கு இது பொருந்தும். 1812இன் பட்டறிவுக்கு இது விடையாகாது.

ஆங்கிலம் 'லத்தினோ', 'லத்தினா' என்பவற்றைக் கடன் வாங்கியபோது சிக்கலையும் சேர்த்தே வாங்கியது. அதைத் தீர்க்க வந்த 'லத்தினெக்சு' என்னும் சொல்லை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வழியினரான வயதுவந்தோரில் 3 விழுக்காட்டினரே ஆள்வதாகப் பியூ ஆய்வு மையம் 2020இல் தெரிவித்தது. பேசுவோர் ஏற்காத சொல் வேரூன்றுவது அரிது. பேச்சை அதன் போக்கில் விட்டு, உரிமை பேசும் இடத்தில் மட்டும் இருபாலரையும் வெளிப்படையாகக் குறிப்பிட்ட 1931இன் வழியே இவற்றுள் ஏற்புடையது.