செல்லம்மாளின் நோயும் பிள்ளையின் கைப்பழக்கமும்

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' 1943-ஆம் ஆண்டு 'கலைமகள்' இதழில் வெளிவந்த சிறுகதை. வறுமையும் சாவும் இருள் பரப்பி நிற்கும் கதை என்றே அதனைச் சொல்லிப் பழகிவிட்டோம். மீண்டும் படித்தபின் அம்முடிபு நமக்கு உடன்பாடாகவில்லை. தீராத நோயோடு வாழக் கற்றுக்கொண்ட கதை அது. நோய் மனைவிக்கு, கல்வி கணவருக்கு.

பிரமநாயகம் பிள்ளை திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்தவர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி. வாடகைக்கு அஞ்சி நகரத்திற்கு வெளியே குடியிருக்கிறார். ஊரில் என்றால் நோயாளியைத் தாங்கப் பத்துப் பேர் உண்டு. வந்த இடத்தில் இருப்பவர் இருவர்; அவருள் ஒருவரே நோயாளி. இதனை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் பழைய நூல்களில் நோய் பெரும்பாலும் அருளுக்கு வாயில். திருநாவுக்கரசரின் சூலை திருவதிகையில் தீர்ந்தது. பிள்ளைக்கு அத்தகைய திருவதிகை எதுவும் இல்லை. ஒவ்வொரு மாலையும், அவள் எந்த நிலையில் கிடப்பாளோ என்ற ஐயத்தோடு வீடு திரும்புகிறார். மூர்ச்சையுற்றவளின் மூக்கருகே சுக்கைக் கரித்துப் புகை காட்டுகிறார். சித்தம் கலங்கி அவள் தன் தாயைத் தேடுகையில், மறுத்து வழக்காடாமல், அவள் போக்கிலேயே பேசிச் சமாதானம் செய்கிறார். நம்பிக்கை குறையக் குறையக் கைகளில் பக்குவம் கூடுகிறது. இதனை வளர்ச்சி என்று ஆசிரியர் எங்கும் பெயரிட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை கெட்டிருக்கும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நோயுற்றவள் செல்லம்மாள், ஆயினும் நோயை அவள் உள்ளிருந்து எப்படிக் கண்டாள் என்பது நமக்குக் கிட்டுவதில்லை. நாம் காண்பதெல்லாம் கணவரின் கண்வழியே. ஓரிடத்தில் மட்டும் அவள் குரல் தனித்துக் கேட்கிறது: ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும், வரும்போது நெல்லிக்காய் அடை கொண்டுவர வேண்டும் என்கிறாள். மருந்தை அன்று, அடையைக் கேட்கிறாள்!

புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் மறைந்தார். அதனைக் கொண்டு 1943-இல் எழுதிய கதைக்கு உரை காண்பாரும் இருக்கலாம். நமக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. கதையின் சான்றே போதும். உயிர் பிரிந்த பின்னும் பிள்ளையின் கைகள் ஓயவில்லை. உடலைக் குளிப்பாட்டி, அவளுக்குப் பிடித்த புடவையைச் சுற்றிக் கிடத்துகிறார். பிறகு முகத்தில் ஈ மொய்க்காதபடி பக்கத்தில் அமர்ந்து விசிறுகிறார்.