ரூகர் 10/22: முதல் ரைஃபிளும் முடிவில்லாத மாற்றங்களும்

அமெரிக்காவில் முதன்முதலாக ஓர் அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கப் போகிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வந்து விழும்: ரூகர் 10/22. 1964-இல் வெளிவந்து இன்றும் உற்பத்தியில் இருக்கும் இந்தத் துப்பாக்கி 50 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அந்த யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மூச்சில் இன்னொரு யோசனையும் வரும்: வாங்கிய கையோடு குழலை மாற்று, விசைத் தொகுதியை மாற்று, ஸ்டாக்கை மாற்று, மேலே ஒரு ஸ்கோப்பை வை. முதல் யோசனை கற்பவருக்கு எவ்வளவு நன்மை செய்கிறதோ, இரண்டாவது அந்த நன்மையில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது என் கணிப்பு. இரண்டும் ஒரே துப்பாக்கியின் அமைப்பிலிருந்து பிறந்தவை என்பதால் இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்மை தோட்டாவிலிருந்து தொடங்குகிறது. .22 லாங் ரைஃபிள் தோட்டா 1880-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. வழக்கமான ஈயக் குண்டின் எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். தோளில் உதை என்று சொல்லும்படி எதுவும் தெரியாது. புதிதாகச் சுடுகிறவரை அதிகம் கெடுப்பது, வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்ளும் பழக்கம். விசை பின்னே வரும் கணத்தில் கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குண்டு குறிக்குக் கீழே போய் விழும். பெரிய ரகத் தோட்டாவில் தொடங்கியவருக்கு இது ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. .22-இல் உடம்பு பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. காதுக்கு மட்டும் காப்பு கட்டாயம் வேண்டும். விலையும் கற்பவருக்குச் சாதகம்தான். சாதாரணத் தோட்டா ஒன்று ஏறக்குறைய 10 சென்ட், ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கிகளின் .223 தோட்டாவுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். சுடக் கற்பது என்பது ஆயிரக்கணக்கான முறை ஒரே செயலைக் கவனத்தோடு செய்வதுதான் என்னும்போது இந்த வித்தியாசம் சின்னதில்லை.

அடுத்து இயங்கும் முறை. வாயுக் குழாய், பிஸ்டன் என்ற சிக்கல் எதுவும் இதில் கிடையாது. தோட்டா வெடிக்கும்போது காலி உறை பின்னோக்கித் தள்ளுகிறது. கனமான போல்ட்டும் அதன் சுருளும் அந்தத் தள்ளலைத் தாங்கிப் பின்னே போய், திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. மேகசின் இன்னும் அழகான வேலை. .22 தோட்டாவின் அடியில் துருத்தி நிற்கும் விளிம்பு, அடுக்கி வைக்கும் மேகசின்களில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தொல்லை தரும். ரூகரின் மேகசினில் பத்துத் தோட்டாக்களும் ஒரு சுழல் உருளையின் பள்ளங்களில் தனித்தனியாக உட்காருகின்றன. விளிம்புகள் மோதிக்கொள்ள இடமே இல்லை. மேகசின் ஸ்டாக்குக்கு வெளியே துருத்துவதும் இல்லை. 1960-இல் வந்த மார்லின் 60 இதன் நெடுநாள் போட்டியாளர். அதில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் முன்பக்கத்திலிருந்து போடப்படுகின்றன. கை துப்பாக்கியின் வாய்க்கு அருகே போகிறது, உள்ளே ஏதும் மிச்சம் இருக்கிறதா என்பதும் உடனே தெரிவதில்லை. மார்லின் நன்றாகவே சுடும். ஆனால் கற்பவர் கையில் கழற்றிப் பார்க்கக்கூடிய மேகசின் இருப்பதே நல்லது.

இப்போது அந்த இரண்டாவது யோசனைக்கு வருவோம். 10/22-இன் குழல் உடற்பகுதியோடு திருகி இறுக்கப்பட்டதல்ல. ஒரு வி வடிவக் கட்டையும் இரண்டு திருகுகளும் அதைப் பிடித்திருக்கின்றன. விசைத் தொகுதி இரண்டு குறுக்கு ஊசிகளில் நிற்கிறது. ஸ்டாக்கை முன்பக்கம் இருக்கும் ஒற்றைத் திருகும் ஒரு வளையமும் பிடித்திருக்கின்றன. ஒரு திருப்புளியும் சாதாரண ஆலன் சாவியும் இருந்தால் சாப்பாட்டு மேசை மேலேயே முழுத் துப்பாக்கியையும் பிரித்துவிடலாம். இதனால்தான் உதிரிப் பாகங்களுக்கென்றே பெரிய சந்தை உருவாகி, உடற்பகுதியிலிருந்து போல்ட் வரை ரூகர் செய்யாத பாகங்களைக் கொண்டே ஒரு ‘10/22’-ஐக் கோத்துவிட முடிகிற நிலை வந்திருக்கிறது. பழுது பார்க்க இது எவ்வளவு வசதி என்பதை நான் மறுக்கவில்லை. என் எதிர்ப்பு கற்பவர் இந்தச் சந்தைக்குள் எப்போது நுழைகிறார் என்பதைப் பற்றியது.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். 25 கெஜத் தூரத்தில் வைத்த தாளில் ஐந்து குண்டுகள் ஒன்றரை அங்குல வட்டத்தில் விழுகின்றன. சுட்டவருக்குத் திருப்தி இல்லை. தடித்த குழல் ஒன்று வாங்குகிறார்; குழலைப் போட ஸ்டாக்கும் அகலமாக வேண்டியிருக்கிறது, அதையும் வாங்குகிறார்; கையோடு விசையையும் மாற்றுகிறார்; நல்ல குழலுக்கு நல்ல தோட்டா என்று விலை கூடிய தோட்டாவும் எடுக்கிறார். மறுபடி சுட்டால் வட்டம் முக்கால் அங்குலமாகிவிட்டது. குழல்தான் காரணம் என்று நண்பர்களிடம் சொல்கிறார். நான்கு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடந்தபின் எது காரணம் என்று யாரால் சொல்ல முடியும்? அதுவும் ஐந்து குண்டுகளை வைத்து? எதையும் மாற்றாமல் அதே துப்பாக்கியில் அடுத்தடுத்து ஐந்தைந்தாகச் சுட்டாலே ஒரு வட்டம் மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக விழுவது சகஜம். செலவழித்தவருக்கு நம்பிக்கை வளர்கிறதே தவிர, அறிவு வளர்வதில்லை.

.22 தோட்டாவின் இயல்பு தெரிந்தால் சோதனையை எங்கே தொடங்க வேண்டும் என்பது தானே புலப்படும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை இதன் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. பெரிய தோட்டாக்களைப்போல வீட்டில் மறுபடி நிரப்பிச் சீர்செய்யும் வழி இதில் இல்லை. ஆலையிலிருந்து வந்ததுதான் தரம். ஒரே தயாரிப்பில் கூட ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு இருக்கும், ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அதனால் நாலைந்து வகைத் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகப் பல தாள்களில் சுட்டுப் பார்ப்பது எந்தப் புதுக் குழலுக்கும் முந்தி செய்ய வேண்டிய வேலை. இதில் ஒரு எச்சரிக்கை: ஒலி வேகத்துக்குக் கீழே போகும் தோட்டாக்கள் தாளில் நன்றாகச் சுட்டாலும், சிலவற்றில் போல்ட்டை முழுதாகப் பின்னே தள்ளும் வலு இருக்காது. துல்லியம் ஒரு பக்கம், தடையின்றி இயங்குவது ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆளுக்குத் துப்பாக்கி பொருந்துகிறதா என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். சந்தை அதைக் கடைசியில் வைக்கிறது. வழக்கமான 10/22-இல் விசைக்கும் ஸ்டாக்கின் அடிப்பகுதிக்கும் உள்ள தூரம் 13.5 அங்குலம். நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு அது சரி. குள்ளமான பெண்ணுக்கோ பதின்ம வயதுப் பிள்ளைக்கோ அது நீளம். எட்டிப் பிடிப்பதற்காக முதுகைப் பின்னே சாய்த்து நிற்பார்கள், கை சீக்கிரம் தளரும். கன்னத்தின் நிலை அதைவிட முக்கியம். பழைய வடிவ ஸ்டாக்கின் மேல்விளிம்பு, குழல்மேல் உள்ள தாழ்ந்த குறிகளுக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் ஸ்கோப்பை ஏற்றினால் கண் இன்னும் மேலே போயாக வேண்டும். கன்னம் ஸ்டாக்கை விட்டு அந்தரத்தில் மிதக்கும். மிதக்கும் தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் 100 கெஜம் அல்லது அதற்கு மேற்பட்ட தூரத்தில் பிழையின்றிக் காட்டும்படி அமைக்கப்பட்டவை. 25 கெஜத்தில், கண் நடுவிலிருந்து விலகினால், குறிக்கோடு இலக்கின்மேல் நகர்ந்துவிடும். கன்னத்துக்கு அடியில் ஒரு திண்டு கட்டி, .22-க்கென்று 50 கெஜத்தில் அமைத்த ஸ்கோப்பை வைத்தால் போதும், தாளில் சிதறல் குறையும். அந்தத் திண்டின் விலை புதுக் குழலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 200 டாலர் குழலுக்குப் போகும் பணத்தில் ஏறக்குறைய 2,000 தோட்டாக்கள் வாங்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வரிசையைச் சரியாகப் பிடித்தவர்கள் ஆப்பிள்சீட் என்ற பயிற்சித் திட்டத்தார். அமெரிக்கா முழுவதும் வார இறுதிகளில் 25 மீட்டர் தூரத்தில் பயிற்சி தருகிறார்கள்; 250-க்கு 210 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அங்கே பெரிதும் தென்படுவது 10/22-தான். அதற்கு அவர்கள் பரிந்துரைக்கும் மாற்றங்கள் துளைக் குறி, தோள்வார், வாரை மாட்டும் கொக்கிகள், மேகசினையும் போல்ட்டையும் விடுவிக்கும் பிடிகளில் சிறு திருத்தம். குழல் அந்தப் பட்டியலில் இல்லை. முழங்கைக்கு மேல் வாரை இறுக்கிப் படுத்துச் சுடும்போது, துப்பாக்கியின் எடையைத் தசைக்குப் பதில் எலும்பும் வாரும் தாங்குகின்றன. ஐந்து பவுண்டு துப்பாக்கி பாறைபோல் நிற்கும். இந்த அணுகுமுறைக்கும் எல்லை உண்டு. வயதான கண்ணுக்குத் துளைக் குறியின் முன்முள் மங்கலாகத்தான் தெரியும், அவர்களுக்கு ஸ்கோப் தவிர்க்க முடியாதது. அணில், முயல் வேட்டைக்காக வாங்குகிறவருக்கு வாரில் படுத்துச் சுடும் பயிற்சி அரைப் பங்குதான் உதவும்.

விசை விஷயத்தில் மாற்றக்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் விசையை இழுக்க 5 முதல் 6 பவுண்டு பலம் தேவைப்படுகிறது. துப்பாக்கியின் எடையே 5 பவுண்டு! தன் எடையைவிட அதிக பலத்தால் இழுக்கப்படும் பொருள் அசையாமல் நிற்காது. 3 பவுண்டுக்குள் இயங்கும் தொகுதியை ரூகரே விற்கிறது. சில மாதம் பழகியபின் அதைப் பொருத்துவது நல்ல செலவு. உள்ளிருக்கும் கொக்கிகளை வீட்டில் அரம் வைத்து ராவுவது மட்டும் கூடவே கூடாது. அரைத் தானியங்கியில் தேய்ந்த கொக்கி ஒரே இழுப்பில் இரண்டு முறை சுட்டுவிடலாம்.

துப்பாக்கியின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது, உதிரிச் சந்தை அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடைசித் தோட்டா தீர்ந்தபின் 10/22-இன் போல்ட் திறந்து நிற்பதில்லை. பத்தும் சுட்டாயிற்று, போல்ட் மூடிக்கிடக்கிறது, பார்வைக்கு அது தோட்டா ஏறிய துப்பாக்கியைப் போலவே இருக்கிறது. கற்பவர் மறுபடி இழுக்கிறார், ‘டிக்’ என்கிறது. காலியா, தோட்டா வெடிக்காமல் போனதா, தாமதமாக வெடிக்கப் போகிறதா என்று அந்தச் சத்தம் சொல்லாது. எண்ணிக்கை தவறிய புதியவர் குழம்பி, துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பார். பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கு அது நல்ல கணம் அல்ல. ‘டிக்’ கேட்டால் வாயை இலக்கை நோக்கியே வைத்துக் கொஞ்ச நேரம் காத்திரு, மேகசினைக் கழற்று, போல்ட்டை இழுத்துக் கண்ணாலும் விரலாலும் பார் என்பதை அனிச்சையாக வரும்வரை பழக்க வேண்டும். போல்ட்டைத் திறந்து நிறுத்தும் பிடியும் புதியவர் கைக்கு எளிதில் வசப்படாது. அதைத் திருத்தும் சிறு தகடு மலிவானது. பளபளக்கும் குழலுக்கு முன் அதை வாங்கச் சொல்பவர் குறைவு.

அரைத் தானியங்கியை முதல் துப்பாக்கியாக வைக்கலாமா என்ற அடிப்படைக் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் ரைஃபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் ஒரு நிறுத்தம் உண்டு. போன குண்டு ஏன் விலகியது என்று நினைக்க அதில் இடம் கிடைக்கிறது. 10/22-இல் அடுத்தது உடனே தயார். 2011-இல் ரூகர் வெளியிட்ட 25 தோட்டா மேகசின் வேகமாகச் சுட்டுத்தள்ளும் ஆசைக்குத் தீனி போட்டது. கற்பவருக்கு அது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தோட்டா தீருகிறது, பாடம் ஏறுவதில்லை, படுத்துச் சுடும்போது தரையிலும் இடிக்கிறது. பத்துத் தோட்டா மேகசினில் ஐந்து மட்டும் போட்டுச் சுட்டால் இந்தக் குறை பெருமளவு சரியாகும்.

சட்டமும் இந்தத் துப்பாக்கியை ஓர் எல்லைக்கோட்டில்தான் நிறுத்தியிருக்கிறது. ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின் 1988-இல் பிரிட்டன் அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடை செய்தபோது .22-க்கு விலக்கு அளித்தது. கிரைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் 2019-இல் நியூசிலாந்தும் பத்துத் தோட்டா வரையுள்ள .22-ஐ விட்டுவைத்தது. 1996-இல் சட்டத்தைக் கடுமையாக்கிய ஆஸ்திரேலியா அப்படி விடவில்லை. சாதாரண விளையாட்டுச் சுடுநருக்கு அது கிடைப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் 2018-இல் .22 உட்பட அரைத் தானியங்கி ரைஃபிள் எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் சேர்த்து, வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள். குழலைத் தன் விருப்பத்துக்கு மாற்றுகிறவர், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் 1934-ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தின் பதிவுக்குள் வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்; பல மாநிலங்களில் மேகசினுக்கும் பத்துதான் வரம்பு.

உதிரிப் பாகங்களின் பட்டியலில் எப்போதும் விடுபடும் ஒன்றை நான் முதலில் எழுதுவேன்: பூட்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். விளையாட்டுக்கென்று வாங்கிய .22-உம் மனம் உடைந்த ஒருவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கொல்லும். பிள்ளைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், சாவி தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. இதற்கு ஆகும் செலவை முதல் நாளே துப்பாக்கியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

குழலை மாற்றும் நாளும் ஒருவேளை வரும். பொருந்திய ஸ்டாக், சோதித்துத் தேர்ந்த தோட்டா, பழகிய விசை, சில ஆயிரம் குண்டுகள், இவ்வளவுக்கும் பிறகு மணல் மூட்டையில் வைத்துச் சுட்டாலும் வட்டம் சுருங்கவில்லை என்றால், அப்போது குழலைச் சந்தேகிப்பது முறை. அன்று பழைய குழலின் தாள்களைத் தேதி போட்டு எடுத்து வைத்துக்கொண்டு, குழலை மட்டும் மாற்றி, அதே தொகுதித் தோட்டாவால் சுட்டுப் பார்க்க வேண்டும்.