திரண்டால் மட்டும் போதுமா?

கண்ணாடித் தகட்டில் பால்போன்ற நீர்மம் ஒரு சொட்டு. அதனுடன் நோயாளியின் முதுகுத்தண்டு நீர் ஒரு சொட்டு. சில நிமிடங்கள் மெல்ல அசைத்தால், பால் திரிவதுபோல் அது திரிதிரியாகத் திரள்கிறது. கிருமியின் அடையாளம் கிடைத்துவிட்டது! லேடெக்ஸ் சோதனை எனப்படும் இதன் எளிமையை யாரும் பாராட்டுவர். ஆனால் எளிமை ஒன்றே ஒரு சோதனையின் தகுதி ஆகிவிடுமா? வாசகர்களே, சற்று ஆராய்வோம்.

நீர்மத்திற்கு வெண்மை தருபவை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நுண்கோளங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். கிருமிக்குரிய எதிர்ப்பொருளை இவற்றின்மீது படியவைத்திருப்பார்கள். கிருமியின் உறையிலுள்ள சர்க்கரைப் பொருள் எதிர்ப்பட்டால், அது பல கோளங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத பிணைப்பு, திரளாகப் புலப்படும்.

1956இல் சிங்கர், பிளாட்ஸ் என்னும் இருவர் இம்முறையை முடக்குவாதத்தைக் கண்டறியப் பயன்படுத்தினர். 1963இல் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளை உறையைத் தாக்குவதைக் கண்டறியவும் இது வந்தது. இங்கே இதன் வெற்றி ஐயத்திற்கிடமற்றது. இந்திய மை கலந்து நுண்ணோக்கியில் தேடும் பழைய முறைக்குத் தப்பிய பூஞ்சையும் இதில் அகப்பட்டது.

ஆயினும் ஒரு வேடிக்கை பாருங்கள். முடக்குவாத நோயாளரின் குருதியிலுள்ள காரணி, கோளத்தின்மீதுள்ள எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்ளும். பூஞ்சை இல்லாமலே கோளங்கள் திரளும்! முதற் சோதனை தேடிய பொருளே அடுத்த சோதனையை ஏமாற்றுகிறது. ஆகவே பூஞ்சையைப் பற்றாத சாதாரணப் புரதம் பூசிய கோளங்களையும் உடன்வைத்துச் சோதிக்க வேண்டும். அவையும் திரண்டால் அம்முடிவை நம்பலாகாது.

பாக்டீரியாவால் வரும் மூளையுறைக் காய்ச்சலில் குறை இன்னும் பெரிது. கிருமிப் பொருள் போதிய அளவு இல்லாவிடில், நோய் இருந்தும் கோளங்கள் திரள்வதில்லை. திரளவில்லை என்று மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திரண்டாலோ, மருத்துவர் முன்பே தொடங்கிய மருந்து பெரும்பாலும் மாறுவதில்லை. எனவேதான் 2004இல் வெளியான அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்க நெறிமுறை, இதனை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை. முன்பே மருந்து உட்கொண்டதால் கிருமி வளர்ப்புச் சோதனை பயன் தராதபோது மட்டும் இது உதவக்கூடும்.

கோளம் ஒன்றே, பயன் வேறு. எனவே மாணவர்களே, எந்தச் சோதனையைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது பொய் சொல்வது எப்போது? இதன் விடையால் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை மாறுமா?